எந்த ‘விடு’?

கண்ணாடிக் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். கல்யாணப் போட்டோ, பட்டம் வாங்கிய போட்டோ, போய்ச் சேர்ந்தவர்கள் போட்டோ எதுவானாலும் அதற்கு மேல் போடும் கண்ணாடி பக்கத்துக் கடையிலிருந்துதான் வர வேண்டும். அதை வாங்கி வரப் போனால் லேசில் திரும்ப மாட்டேன். அங்கே வேலை நடப்பதைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால் எழுந்து வர மனசு வராது. கண்ணாடிக்காரர் அளவுகோலை வைத்து, வைரம் பதித்த பேனாவை ஒரே இழுப்பாக இழுப்பார். ‘சிர்ர்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு கண்ணாடியைப் பலகையின் விளிம்புக்கு நகர்த்தி மெல்ல ஒரு அழுத்து அழுத்துவார். கோடு போட்ட இடத்தில் சொன்ன பேச்சைக் கேட்டுப் பிரிந்துவிடும். அதே பேனாவை நானும் ஒருநாள் இழுத்துப் பார்த்தேன். கண்ணாடி கோணல்மாணலாக உடைந்தது. “உங்களுது ஆணி அடிக்கற கை தம்பி, இந்த ஆசையை விட்டுடுங்க” என்று அண்ணி சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் அவர் மனைவி எனக்கு அண்ணி. அவர்கள் மகளுக்கு நான் சித்தப்பா.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிப் போகும்போது, பிடி நழுவுகிறது என்று யாருக்குத் தோன்றினாலும் “விடு!” என்று கத்த வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்தால் அடுத்தவர் ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. கையை விரித்துவிட்டுப் பின்னால் விலகிவிட வேண்டும். விழுகிற கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று நினைக்கிறவன் கையை இழப்பான். முன்பு அங்கே வேலை செய்த ஒருவர், நல்ல பெல்ஜியம் கண்ணாடியாயிற்றே என்று பிடிக்கப் போனார். இன்றுவரை சட்டைப் பித்தானை ஒற்றைக் கையால்தான் போடுகிறார். “உடைஞ்ச கண்ணாடியைக் கூட்டி அள்ளிடலாம். உடைஞ்ச மனுஷனை என்ன பண்றது?” என்பார் அண்ணன்.

அவர் மகள் அந்தக் கடையில் தவழ்ந்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே விலகக் கற்றுக்கொண்டாள். யார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள், எந்த முழங்கை எங்கே வரும் என்று பார்த்துப் பார்த்து அவளுக்கு முதுகிலும் கண் முளைத்துவிட்டது. தெருவே அவளைப் பாதரசம் என்று கூப்பிட்டது. தொட்டால் நழுவிவிடுவாள் என்பது ஒரு காரணம். எந்நேரமும் ரசம் பூசிய முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு நடுவில் நிற்பாள் என்பது இன்னொன்று.

இப்படிப்பட்டவள் குத்துச்சண்டைக்குப் போனதில் ஆச்சரியம் என்ன? அண்ணனே அந்தக் காலத்தில் கையுறை மாட்டியவர்தான். அதற்கு அத்தாட்சியாக அவர் மூக்கு இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. வயதான பிறகு நடுவராகிவிட்டார். வாரக் கடைசியில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு வில் டையும் மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினால், வங்கி மேனேஜர் போகிறார் என்று புதிதாகக் குடி வந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கூடம் ஒன்று இருக்கிறது. ரிங் அங்கேதான்.

பாதரசம் சண்டை போடுவதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எதிரே நின்றவள் குத்து குத்தென்று குத்துகிறாள். இவள் மேல் எதுவும் படவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்க்கிறாள், காலை ஒரு சாண் நகர்த்துகிறாள், அவ்வளவுதான். குத்து காது ஓரமாகப் போய்விடுகிறது. வீசியவள் தடுமாறுகிற நேரம் பார்த்து இடது கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் காணாமல் போகிறாள். கடைசியில் எதிராளி கை ஓய்ந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறாள். இவள் தலைமுடிகூடக் கலையவில்லை. வெளியே வந்தபோது எனக்கு ஏதோ நல்ல பாட்டுக் கச்சேரி கேட்டது போல இருந்தது.

எல்லாருக்கும் அப்படி இருக்கவில்லை. “இது என்னய்யா சண்டை, ஓடிப்பிடிச்சு விளையாட்டு” என்று பின் வரிசையில் முனகுவார்கள். அந்த முனகல் போய்ப் போய்ச் சங்கத்தின் கூட்டத்தில் விதியாக வந்து நின்றது. எதிராளியோடு மோதாமல் விலகிக்கொண்டே இருந்தால் முதல் இரண்டு தடவை கண்டிப்பு. மூன்றாவது தடவை ஒரு புள்ளி வெட்டு. கூட்டத்தில் எழுந்து நின்று இந்த விதி வேண்டும் என்று பேசி, எல்லாரையும் கை தூக்க வைத்தவர் வேறு யாரும் இல்லை, நம் கண்ணாடிக்காரர்தான்.

செய்தி பயிற்சிக்கூடம் வழியாக வீட்டுக்கு வந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. மதியச் சாப்பாட்டு நேரம். ரொட்டியும் வெங்காயம் போட்டு வதக்கிய முட்டையும் மேஜையில் இருந்தன. எனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். பாதரசம் பையைத் தொப்பென்று போட்டாள்.

“அப்பா, அந்த விதியைக் கொண்டு வந்தது யாரு?”

“சங்கம்.”

“சங்கம்னா யாரு?”

அண்ணன் ரொட்டியைப் பிய்த்தார். “நான்தான் பேசினேன். இப்ப அதுக்கு என்ன?”

“என்னை மனசுல வெச்சுத்தானே பேசினீங்க?”

“உன்னை மனசுல வெச்சிருந்தா வாயை மூடிட்டு இருந்திருப்பேன். ஆட்டத்தை மனசுல வெச்சுப் பேசினேன். போன தடவை ரெண்டு பேரு ஏறினானுங்க. சந்தைக்கு மாடு பார்க்க வந்தவங்க மாதிரி ஒருத்தனை ஒருத்தன் சுத்திச் சுத்திப் பார்த்துட்டே இருந்தானுங்க. மணி அடிச்சாச்சு, இறங்கிட்டானுங்க. பாதிக் கூடம் காலி. இப்படியே போனா ரிங்கைக் கழட்டிட்டு அங்க மூட்டைதான் அடுக்கணும்.”

“அவங்களுக்குக் குடுங்க கண்டிப்பு. நான் சும்மாவா நிக்கறேன்?”

“நீ சும்மா நிக்கல. ஆனா யோசிச்சுப் பாரு. முன்னாடி வர்றவ தன் முகத்தைக் குடுத்துட்டு வர்றா. அடி விழும்னு தெரிஞ்சே வர்றா. அந்தத் துணிச்சலுக்கு ஒரு மரியாதை வேணாமா? விலகிட்டே இருக்கறவளுக்கு என்ன நஷ்டம்?”

எனக்கு அவர் சொல்வது சரி என்றே பட்டது. கடைசியாகப் பேசுகிறவர் பக்கம் சாய்வது என் சுபாவம். அதனால்தான் எந்தப் பஞ்சாயத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

“அவ வீசறா, என் மேல படல. படாதது அவ தப்பு” என்றாள் பாதரசம். “அதுக்கு எனக்குக் கண்டிப்பா? குறி தப்பினதுக்கு அவளுக்குக் குடுங்க.”

“குறி தப்பறது முயற்சி. அதுக்குத் தண்டனை கிடையாது.”

“அப்போ விலகறது என்ன, தூக்கமா? ஒரு ரவுண்டு என்னை மாதிரி விலகிப் பாருங்க. முட்டி என்ன வலி வலிக்குதுன்னு தெரியும்.”

இப்போது அவள் சொன்னதும் சரியாகப் பட்டது.

“விலகறது பாதி வித்தைதான். நான் இல்லேன்னு சொல்லல” என்றார் அண்ணன். “மீதிப் பாதி எங்கேம்மா?”

அவள் முகம் சட்டென்று சிவந்துவிட்டது. அண்ணி கரண்டியால் மேஜையைத் தட்டினார். “விதியை அப்புறம் தின்னுக்கலாம். ஆறிப் போகுது, இதை இப்ப தின்னுங்க ரெண்டு பேரும்.”

பாதரசம் உட்காரவில்லை. “இனிமே கண்ணாடி விஷயம் தவிர வேற எதுவும் உங்ககிட்ட நான் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள்.

ஏதோ கோபத்தில் சொல்கிறாள், சாயங்காலம் டீ குடிக்கும்போது சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. அந்த வாரம் போனது, அடுத்த வாரமும் போனது. கண்ணாடி விஷயம் தவிர ஒரு சொல் கிடையாது. ஆனால் கண்ணாடி விஷயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் என்னை மலைக்க வைத்தது.

அது காற்றுக் காலம். காற்றில் பெரிய கண்ணாடியைத் தூக்கிப் போவது எப்படிப்பட்ட வேலை என்று நான் சொன்னால் புரியாது. கப்பலின் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடப்பது போல. எதிர்ச்சாரி மருந்துக் கடைக்கு முகப்புக் கண்ணாடி மாட்ட வேண்டியிருந்தது. அப்பா ஒரு முனை, மகள் ஒரு முனை. ரப்பர்க் கிண்ணம் வைத்த பிடிகளைக் கண்ணாடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தெருவே நின்றது. சைக்கிளில் வந்தவர்கள்கூடக் காலை ஊன்றிக்கொண்டார்கள்.

“தூக்கு.”

“தூக்கியாச்சு.”

“காத்து இடது. சாய்.”

“சாயறேன். படி வருது.”

“பார்த்துட்டேன். நீ இறங்கு.”

“இறங்கிட்டேன். வாங்க.”

மற்ற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு பேர், நடுவில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி அடி பிசகாமல் நடந்தார்கள். கண்ணாடி போய்ச் சட்டத்தில் உட்கார்ந்தது. பாதரசம் அதன் மேல் கன்னத்தை வைத்து மட்டம் பார்த்தாள். “சரியா இருக்கு” என்றாள். அதுவும் கண்ணாடி விஷயம்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

அண்ணனும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் தண்ணி குடும்மா. இதுவும் கண்ணாடி விஷயம்தான்” என்று தூண்டில் போட்டார். அவள் எழுந்து போனாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அண்ணியும் ஒருநாள் கொதித்தார். பயிற்சிச் சண்டை ஒன்றில் யாரோ ஒருவன் பாதரசத்தைப் பார்த்து “ஓடுகாலி!” என்று கத்தினானாம். ரிங்கில் ஓடுகிறாள், அதனால் ஓடுகாலி. அவனுக்கு அது நகைச்சுவை. பாதரசம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் வாய் தவறி அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வீசினார்.

“அந்த வார்த்தை எனக்குப் புதுசா தம்பி? இந்த மனுஷனோட வீட்டை விட்டு வந்தப்ப ஊரே எனக்கு வெச்ச பேரு அது. இவரும்தான் என்கூட ஓடி வந்தாரு. இவருக்கு யாராவது அப்படிப் பேரு வெச்சாங்களா? ‘பரவால்லியே, ஆளு கெட்டிக்காரன்’னு தோளைத் தட்டினாங்க.”

விளிம்பை உரசிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கவில்லை.

“என் அண்ணனுங்க நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னாங்க. இவரு அப்ப பெரிய பயில்வான். ரெண்டு கோப்பை வாங்கினவரு. முன்னாடி போய் மோதினாரா? கேளுங்க. என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால சந்துல ஓடினாரு. ஒரு செருப்பு அங்கேயே கிடந்துச்சு. எந்த நடுவரும் வந்து கண்டிப்பு குடுக்கல.”

“அது வேற” என்றார் அண்ணன். “அது ரிங் இல்ல.”

“அன்னைக்கு நின்னு அவங்க மூஞ்சியை உடைச்சிருந்தா, இன்னைக்கு என் அண்ணனுங்க இந்த வீட்டு வாசல்படி மிதிப்பாங்களா? நீங்க அன்னைக்கு ஓடினதை நெனச்சு நான் இன்னைக்கும் பெருமைப்படறேன். தெரியுமா உங்களுக்கு?”

அண்ணன் உரசுகல்லை நிறுத்தினார். காது மடல் சிவந்திருந்தது. முதல் தடவையாகக் கேட்கிறார் போலிருக்கிறது. “ஆட்டம்னா அதுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு” என்று மட்டும் சொன்னார். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

தேர்வுப் போட்டி வந்தது. ஜெயிக்கிறவள் தலைநகரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போவாள். பாதரசம் பல வருஷமாகக் காத்திருந்த போட்டி அது. விதி வந்த பிறகு நடக்கிற முதல் போட்டியும் அதுதான். பயிற்சியாளர் அவளிடம் கெஞ்சிப் பார்த்தார். “கொஞ்சம் நின்னு அடிம்மா, இந்த ஒரு தடவை” என்றார். “என் சண்டையைப் போட்டு ஜெயிச்சாத்தான் அது எனக்கு வெற்றி” என்று சொல்லிவிட்டாள். எதிராளி பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைக்காரர் மகள். சுத்தியல் என்று பேர். பேருக்கேற்ற தோள். நல்ல பெண், நேராக வருவாள், வந்தால் நிற்க மாட்டாள்.

அன்று பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. மகள் சண்டைக்கு அப்பா நடுவராக இருக்கக் கூடாது என்பதால் அண்ணன் எங்களோடு உட்கார்ந்தார். ஆனாலும் வெள்ளைச் சட்டையும் வில் டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அண்ணி அதுவரை ஒரு சண்டைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதில் ரொட்டியும் அவித்த முட்டையும். “எடை பார்க்கணும்னு காலையில இருந்து பச்சைத் தண்ணிதான் குடிச்சிருக்கா” என்றார்.

முதல் ரவுண்டில் பாதரசம் அவளாகவே இருந்தாள். சுத்தியல் வீசிய குத்துகளுக்கு நடுவில், மழைத்துளிகளுக்கு நடுவில் நடக்கிறவள் போல நடந்தாள். அடியும் வைத்தாள், சின்னச் சின்னதாக, சுத்தமாக. நடுவர் பள்ளிக்கூட வாத்தியார், நேர்மையான மனிதர். அவருக்கு விதி புதிது. சண்டையை நிறுத்தி, பாதரசத்தின் பக்கம் திரும்பி, மோது என்று சைகை காட்டினார். முதல் கண்டிப்பு. பின் வரிசையில் கைதட்டினார்கள். அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது ரவுண்டில் சுத்தியல் அவளை மூலைக்குத் தள்ளினாள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இதோ விழப் போகிறது என்று நானும் கண்ணை மூடினேன். திறந்தபோது சுத்தியல் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பாதரசம் அவளுக்குப் பின்னால் நிற்கிறாள். எப்படி வந்தாள் என்று சத்தியமாகத் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நடுவர் மறுபடி நிறுத்தினார். இரண்டாவது கண்டிப்பு.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. “ஓடுகாலி! நின்னு அடிடி!”

அண்ணி பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். நாற்காலி மேல் ஏறினார். மழைச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது. “ஆமாண்டா! ஓடுகாலி பெத்த பொண்ணுதான் அவ! முடிஞ்சா நீ மேல ஏறிப் பிடிச்சுக் காட்டு!”

கூடம் முழுக்கச் சிரித்தது. சுத்தியலின் ஆட்கள்கூடச் சிரித்தார்கள். பாதரசம் மூலையில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தாள். பயிற்சியாளர் அவள் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். இதுவரைக்கும் இரண்டு பேரும் சமம், இன்னொரு தடவை நடுவர் கை தூக்கினால் புள்ளி போய்விடும் என்றுதான் சொல்லியிருப்பார். அவள் கையுறையைக் கையுறையால் குத்திக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாவது ரவுண்டில் நின்றாள். விலகவில்லை. சுத்தியலுக்கு நேராக, நடு ரிங்கில் காலை ஊன்றி நின்று அடிக்கு அடி கொடுத்தாள். கூடம் வெடித்தது. பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார்கள். “இதான் சண்டை! இதான்யா சண்டை!” விதி எதைக் கேட்டதோ அது நடந்தது. அவள் நன்றாகவே அடித்தாள். அவளுக்குள் அந்த மீதிப் பாதியும் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் வாங்கவும் வாங்கினாள். சுத்தியலின் குத்து ஒன்று மூக்கில் இறங்கியது. மேல் உதடு சிவந்தது. இன்னொன்று காதுக்கு மேல். முட்டி ஒரு கணம் மடங்கி நிமிர்ந்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய ஆள் அவர்தானே. அவர் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையைப் பாதி மூடி வைத்திருந்தார். பெரிய கண்ணாடியின் விளிம்பைப் பிடிக்கிறபோது அவர் கை எப்படி இருக்குமோ அப்படி.

பாதரசத்தின் கைகள் தாழ்ந்தன. அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போல. சுத்தியல் அதைப் பார்த்துவிட்டாள். வலது கையைப் பின்னால் கொண்டு போனாள்.

“விடு!” என்று கத்தினார் அண்ணன்.

முப்பது வருஷமாகக் கடையில் கத்திய அதே குரல். கூடத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டு, “விடு! விடு! குத்து விடு!” என்று சேர்ந்து கத்தினார்கள். விதியைக் கொண்டு வந்தவரே மகளைக் குத்தச் சொல்கிறார் என்று அவர்களுக்கு ஒரே உற்சாகம். எந்த ‘விடு’ அது என்று அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு மட்டும் தெரியும். அண்ணி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

பாதரசம் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்பதுதானே சட்டம். கை விரிந்தது, கால் பின்னால் போனது. சுத்தியலின் குத்து அவள் நின்ற இடத்தில் இருந்த காற்றைக் குத்தியது. அந்த வேகத்தில் சுத்தியல் ஒரு முழு வட்டம் சுற்றினாள்.

அதற்கப்புறம் பாதரசம் நிற்கவே இல்லை. நின்றிருந்தால் புள்ளி தப்பியிருக்கும், அவளுக்கும் அது தெரியும். ஆனால் உடம்பு தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மூக்கில் ரத்தம் வழிய வழிய அவள் விலகிய அழகை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுத்தியல் துரத்தினாள், வீசினாள், மறுபடி வீசினாள். அங்கே யாரும் இல்லை. பெஞ்சு மேல் ஏறியவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு எங்கோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், பக்கத்தில் இருந்தவரும் தட்டினார், கடைசியில் பின் வரிசைகூடத் தட்டியது. நடுவர் தயங்கித் தயங்கித்தான் நிறுத்தினார். ஆனால் நேர்மையான மனிதர் என்று சொன்னேன் அல்லவா, நிறுத்தத்தான் செய்தார். மூன்றாவது கண்டிப்பு. ஒரு புள்ளி வெட்டு.

மணி அடித்தது. அந்த ஒரு புள்ளியில் தோற்றாள்.

நடுவர் சுத்தியலின் கையைத் தூக்கினார். அந்தப் பெண் கையை இறக்கியதும் நேராகப் பாதரசத்திடம் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். “உன்னை ஒழுங்கா நாலு அடி அடிக்கறதுக்குள்ள என் உசுரே போயிடுச்சுக்கா” என்று அவள் கத்திச் சொன்னது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. பாதரசம் சிரித்தாள். சிரித்ததும் மூக்கு வலித்திருக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

வாசலில் மழை விடுவதற்காக நின்றுகொண்டிருந்தோம். சங்கத்தின் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அண்ணே, உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்க்க முடியாது. பெத்த பொண்ணு ரத்தம் சிந்துது, அப்பவும் ‘விடு, ஒரு குத்து விடு’ன்னு கத்தினீங்க பாருங்க! விதின்னா இப்படி இருக்கணும். அவ கேட்கலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அண்ணன் சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும், அந்த ஊரில் அவருக்குச் சிலையே வைத்திருப்பார்கள். பாதரசம் பஞ்சால் மூக்கை அழுத்திக்கொண்டு கூடத்தின் கதவுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“இல்ல” என்றார். “நான் குத்து விடச் சொல்லல.”

“அப்புறம்?”

“கண்ணாடி விடச் சொன்னேன்.”

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். “எந்தக் கண்ணாடி?”

“எங்க கடையில விடுன்னா, கையை எடுத்துட்டு விலகிப் போயிடுன்னு அர்த்தம். உடம்பு முக்கியம், மத்தது உடைஞ்சா உடையட்டும்னு அர்த்தம். அவ என் பேச்சைக் கேட்காம விலகல. என் பேச்சைக் கேட்டுத்தான் விலகினா. அந்தப் புள்ளியை வெட்டிக்கிட்டது நான்.”

செயலாளர் பிடித்திருந்த கையை விட்டார். “அப்போ விதி தப்புங்கறீங்களா?”

“விதி சரிதான்.” அண்ணன் கழுத்தில் இருந்த வில் டையைக் கழற்றினார். “அடுத்த கூட்டத்துல அதைப் பத்திப் பேசணும்.”

“சரின்னா எதுக்குப் பேசணும்?”

“தெரியல. பேசணும்.”

செயலாளர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “இன்னைக்கும் ஒரு செருப்பை விட்டுட்டு வந்திருக்காரு பாருங்க” என்றார் என்னிடம் மட்டும்.

பாதரசம் நடந்து வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். அவர் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது என்று முகமே சொன்னது. ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண்ணைப் பாதி மூடியிருந்தது. அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். எந்தச் சொல்லை எடுப்பது என்று தெரியாமல் நின்றார். இவ்வளவு நாளாகத் தூக்கு, சாய், இறக்கு என்று மட்டும் பேசிப் பழகிவிட்டால் அப்படித்தான் ஆகும்.

“அப்பா,” என்றாள் அவள், “பசிக்குது.”

அண்ணன் என் கையிலிருந்த பையைப் பிடுங்கி, அதிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். எவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிடித்தாலும் ஆடாத கை அது. ஓட்டைத் துண்டு துண்டாகப் பிய்த்து, பாதி வெள்ளையையும் அதோடு சேர்த்துப் பிய்த்துவிட்டது. அவள் அதை அப்படியே வாங்கிச் சாப்பிட்டாள்.